பத்து பீஸ்

“நீ கத்துக்கிட்ட, நல்லாயிரு. உன் கைக்கு வந்தது என் கைக்கு வரலைன்னா நான் எங்கிட்டுக்கா போவேன்?”

இதைத்தான் பேச்சியம்மாள் சொன்னாள், இதே வார்த்தைகளில், பத்தேகால் மணி டீ இடைவேளையில், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு, எமில்டா பேப்பர் கப்பை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து. கத்திச் சொல்லியிருந்தால் தேவலை. எமில்டாவுக்குக் கத்தத் தெரியும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமல் முழுசாகக் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான். ஆனால் பேச்சி கத்தவில்லை. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“நானா டார்கெட் போட்டேன்? வாட்சை வச்சுக்கிட்டுத் திரியுறாரே, அவருகிட்டப் போய்க் கேளு.”

“அவரு எதைப் பார்த்துப் போட்டாரு? என்னையப் பார்த்தா போட்டாரு?”

“அப்ப நான் ட்ரெயினிங்குக்குப் போகாம இருந்திருக்கணும்ங்கிற.”

“நீ போனதைச் சொல்லலைக்கா. என்னைய யாரு கேட்டா, அதைச் சொல்லு.”

எமில்டா டீயைக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது. அப்போதும் குடித்தாள், ஏனென்றால் குடித்துக்கொண்டிருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. பேச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு வலிக்காக மணிக்கட்டில் சுற்றியிருந்த பனியன் துணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு சொன்னாள்: “இன்னிக்கி ஒரு நா, அவரு அதை அமுக்குறப்ப மட்டும் பழையபடி தைக்கா. பத்து பீஸ். பத்தே பீஸ்.” மணி அடித்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பதில் தெரியாத கேள்விக்கு மணி அடித்துக் காப்பாற்றும். ஆனால் அங்கே மறுநாள் வேறு பாடம் நடத்துவார்கள்.

மறுநாளெல்லாம் இல்லை, இன்னும் அரைமணி நேரம்தான் என்று நினைத்துக்கொண்டு எமில்டா தன் ஓவர்லாக் மிசின் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதுகுத்தண்டின் அடிநுனி தான் இருப்பதைத் தெரிவித்தது. ஒன்பது வருஷமாக அவளும் பேச்சியும் பக்கத்துப் பக்கத்து மிசின்களில், ஒரே வேலை, பனியன் சட்டைக்குக் கை ஏற்றுவது. முன்னால் இருப்பவர்கள் தோளும் கழுத்தும் அடித்து அனுப்புவார்கள், இவர்கள் இரண்டு பேரும் கை ஏற்றிப் பின்னால் அனுப்புவார்கள், மணிக்கு எண்பது சட்டை ஆளுக்கு. எண்பது ஒரு மாதிரி எண். மூச்சு வாங்காது, தூக்கமும் வராது, நடுவில் பேச்சி மகள் கதை சொன்னால் கேட்கலாம், பதிலுக்கு இவள் வீட்டுக்காரர் சேவியரை நாலு வார்த்தை திட்டலாம். பிறகு பயிற்சி வந்தது. மாடி ஹாலில், எட்டு வாரம், ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்று பொறுக்கி. கை ஏற்றுவதற்கு எமில்டா. பயிற்சி முடிந்ததும் போன திங்கட்கிழமை இன்ஜினியர் நிவாஸ் சார் வாட்சை வைத்து எடுத்துப் பார்த்தார், எண்பது தொண்ணூற்றைந்து ஆனது, இரண்டு மிசினுக்கும், ‘ட்ரையலுக்குத்தானுங்க்கா’ என்று. ட்ரையலிலேயே பேச்சி ஒரு வாரமாகத் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் ஐந்து சட்டை போச்சு. அதனால்தான் கேன் பக்கத்தில் கையில் டம்ளர் இல்லாமல் நின்றாள், அதைக்கூட இப்போதுதான் எமில்டா கவனிக்கிறாள், குடிக்க வராதவள் அங்கே தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள். இன்றைக்கு எடுப்பதுதான் கடைசி. எமில்டா பத்து சட்டை தைக்கும் நேரம், அதன் சராசரி, அதுதான் இனிமேல் சட்டம். போன வார வேகத்தில் தைத்தால் நூற்றுப் பத்தில் போய் நிற்கும் என்று சூப்பர்வைசரே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். நூற்றுப் பத்து வராதவர்களை நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிடுவார்கள். ஜன்னலோரம் இருக்கிறது அந்த மேஜை, அதைச் சுற்றி நின்றுகொண்டு சின்னக் கத்தரியால் பிசிறு நறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் யாரையும் யாரும் டெய்லர் என்று சொல்வதில்லை.

நன்றாகத் தைத்தால் எமில்டாவுக்கு நீலக் கோட்டு. அதை ஒளித்துவைக்க என்ன இருக்கிறது, அவளுக்கு அது வேண்டும். மேனேஜர் ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, பாக்கெட்டில் ‘பயிற்றுநர்’ என்று வெள்ளை நூலில் எம்பிராய்டரி போட்டு, பார்த்துவிட்டாள், தொட்டும் பார்த்துவிட்டாள், மட்டமான துணி, இரண்டு தடவை துவைத்தால் சுருங்கிவிடும். இருந்தாலும் அதைப் போட்டவள் உட்கார வேண்டாம். நடக்கலாம். ஒவ்வொரு மிசினாக நின்று, குனிந்து, ‘இப்படிப் பிடி’ என்று சொல்லலாம். உட்காராத வேலை. பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து, இப்போது பூசையில்கூட முட்டிபோடும் நேரத்துக்காகக் காத்திருக்கிற நிலைமை, பக்தியால் இல்லை, முதுகு நிமிருமே என்று. டாக்டர் என்ன சொன்னார், ‘ரொம்ப நேரம் உட்காராதீங்கம்மா’. அவருக்கென்ன, அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். நூற்றுப் பத்துக்கு இந்த முதுகு எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். கோட்டு கிடைக்காவிட்டால் நூற்றுப் பத்து அவளுக்கும்தான். மெதுவாகத் தைத்துக் கோட்டை விட்டால் எண்பதில் இரண்டு பேரும் இப்படியே, எத்தனை வருஷம், ஐந்து, ஆறு, அதுவரை இந்த அடிநுனி விடுமா. வேகமாகத் தைத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டால், முதல் வேலையாக யார் மிசின் பக்கம் போய் நின்று ‘இப்படிப் பிடி’ என்று சொல்ல வேண்டியிருக்கும், அந்த மிசினில் அப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்தில் யோசனை நின்றுவிட்டது. நூல் சிக்கிய மாதிரி. எடுத்து மறுபடியும் கோத்தாள், மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது.

எஸ்தர் மிஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். பயிற்சி கொடுத்த கம்பெனியின் பெண், முப்பது வயசு இருக்கும், எல்லாரையும் மேடம் என்பாள், நூல் வெட்டுகிறவர்களையும் மேடம் என்பாள், அதனாலேயே எமில்டாவுக்கு அவளைப் பிடிக்கும், அதனாலேயே எரிச்சலும் வரும். “டைமிங் முடியுறதுக்குள்ள டிக் பண்ணி வச்சிருங்க மேடம், நான் வந்து வாங்கிக்கிறேன்.” தாளில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஐந்து மூஞ்சிகள். முதல் மூஞ்சி அழுகிறது, இரண்டாவது உர்ரென்று இருக்கிறது, மூன்றாவதுக்கு வாய்க்குப் பதிலாக ஒரு கோடு, நாலாவது சிரிக்கப் பார்க்கிறது, ஐந்தாவதுக்குப் பல்லெல்லாம் தெரிகிறது. பயிற்சி அறை சுத்தமாக இருந்ததா, டீ கொடுத்தார்களா, மிஸ் மரியாதையாகப் பேசினார்களா, டிக், டிக், டிக். ஏழாவது கேள்வி: பயிற்சிக்குப் பிறகு உங்கள் வேலை உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா? எமில்டா பேனாவை வைத்தாள், எடுத்தாள். வேலை. உங்களுக்கு. திருப்தி. கேட்டவனுக்குக் கூடவே ஒரு கட்டம் போடத் தெரியவில்லை, ‘பக்கத்து மிசினில் உள்ளவளுக்கு’ என்று. திருப்தி என்பது சாப்பாட்டுக்குப் பிறகு ஏப்பம் விடுகிற மாதிரி ஆளுக்குத் தனித்தனியாக வருகிற சமாசாரமா. ஆமாம் என்றுதான் தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது, ஏனென்றால் உண்மையில் அது வந்தது, அவளுக்கு மட்டும் வந்தது, எந்த நாள் என்றுகூடச் சொல்ல முடியும்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. அதுவரை அவளுக்கு அந்த ஹாலே வேப்பங்காய். பத்தொன்பது வருஷம் தைத்தவளுக்குத் துணி பிடிக்கச் சொல்லித் தருகிறார்களாம். பழைய முறையில் ஒரு சட்டைக் கை ஏற்ற மூன்று நிறுத்தம்: அக்குளில் ஆரம்பித்து ஓட்டி, தோள் வரும் முன் நிறுத்தி, கட்டிங்காரர்கள் போட்டுவைத்த சின்ன வெட்டுக்கு நேராகக் கையைச் சரிபார்த்து, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, இழுத்துவிட்டு, ஓட்டி, கடைசியில் நிறுத்தி நூலை அறுத்து. எல்லாரும் அப்படித்தான் தைத்தார்கள், தைப்பது என்றால் அதுதான் என்று நினைத்தார்கள். புது முறையில் தோள் வெட்டை முதலிலேயே இடது ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொள்ள வேண்டும், வளைவு முழுதும் ஒரே ஓட்டம், அதன் வால் இன்னும் ஊசியடியில் இருக்கும்போதே அடுத்த துணியைத் தலையில் கொடுத்துவிட வேண்டும், அறுப்பது பிறகு. இரண்டு வாரம் வரவில்லை. கோணியது, சுருங்கியது, எஸ்தர் மிஸ்ஸின் பொறுமையைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. பிறகு அந்த வியாழக்கிழமை, யாரும் எதுவும் சொல்லாதபோது, வந்தது. விரல் பிடித்தது, துணி தானாகத் திரும்பியது, ஒரே சத்தம், அறுபடாத ஒரே சத்தம், கை ஏறி முடிந்து அடுத்தது உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் தன் இடது கை வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று முழுதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்னக்கா சிரிக்கிற’ என்றாள். ‘ஒண்ணுமில்ல, சும்மா’ என்றாள் இவள். வீட்டில் சேவியரிடம் சொன்னபோது, ‘வேகமாத் தைச்சா சீக்கிரம் விட்ருவாங்களா’ என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல கேள்விதான், ஆட்டோ ஓட்டுகிறவனுக்குச் சவாரி முடிந்தால் வேலை முடிந்தது. ஆனால் அவள் சொன்னது அதைப் பற்றி இல்லை. அது எதைப் பற்றி என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. பேச்சிக்குச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். உலகத்திலேயே அதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான், அவளிடம்தான் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்ற இடத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் ஒரு நிமிஷம் ஊசியைப் பார்த்தாள், நூல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், கால்மிதியில் ஒட்டியிருந்த பஞ்சைச் செருப்பு நுனியால் தள்ளினாள். என்னைய யாரு கேட்டா, அதைச் சொல்லு. கேட்டார்கள். உன்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்கள். ஜூன் மாசம், சூப்பர்வைசர் கையில் லிஸ்டோடு வந்து, ‘கை ஏத்துறதுல ஒரு ஆளுங்க்கா, நீங்களா பேச்சியக்காவா, அவங்க லீவாட்டம் இருக்குது, வருவாங்களா?’ என்றான். வருவாங்களா என்றுதான் கேட்டான். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் முடிந்திருக்கும். ‘அவளுக்குப் படிக்க வராது, வரமாட்டா’ என்றாள் எமில்டா. அவ்வளவுதான். பொய் இல்லை. பேச்சிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் வராது. கான்வென்ட்டில் பத்தாவது வரை படித்த தனக்கு வரும். ஆனால் எட்டு வாரத்தில் எத்தனை பக்கம் படித்தார்கள், ஒன்றுகூட இல்லை, எல்லாம் படம், எல்லாம் டிவியில் போட்டுக் காட்டினார்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண் திரும்பத் திரும்ப ஒரே சட்டையைத் தைத்தாள். பொய் இல்லைதான், ஆனால் அது உண்மையும் இல்லையே, அதற்குச் சாமியாரிடம் முட்டிபோட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் என்ன பெயர். பேச்சி அன்றைக்கு ஏன் லீவு என்பது அதைவிட மோசம். மகளைக் காலேஜில் சேர்க்கப் போயிருந்தாள். மறுநாள் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்: “பாரத்துல தாயார் தொழிலுன்னு ஒரு எடம்க்கா, அந்தக் கிளார்க்கு என்னைய ஏற எறங்கப் பார்த்துட்டுக் கூலின்னு எழுதிட்டான். நான் வுடல. அடிச்சு எழுது, டெய்லர்னு எழுதுன்னேன். மக கையப் புடிச்சு இழுக்குறா, அம்மா வாம்மான்னு. எழுதுனாத்தான் வருவேன்னுட்டேன். அடிச்சுத்தான் எழுதுனான், நான் பாத்துக்கிட்டே நின்னேன்.” எழுத்து தெரியாதவள் அவன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். அதே நாள், அநேகமாக அதே மணி. எமில்டாவும் சிரித்தாள், ‘சரியான ஆளுடி நீ’ என்றாள். சொல்லிவிட்டுக் கை ஏற்றினாள்.

இரண்டு மிசின் தள்ளி நிவாஸ் சார் நின்றிருந்தார், அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, கழுத்தில் கயிறு போட்ட வாட்சு. பார்க்க நல்ல பையன் மாதிரித்தான் இருப்பார், சத்தம் போடமாட்டார், அடுத்து இங்கேதான். எமில்டாவின் உள்ளங்கை வேர்த்தது, சேலையில் துடைத்தாள், துணியில் கறை பட்டால் வேறு தனியாக ஒரு பேச்சுக் கேட்க வேண்டும். சரி, மெதுவாகவே தைப்போம். பத்து பீஸ்தானே. நீலக் கோட்டு ஆணியிலேயே தொங்கட்டும், மட்டமான துணி. ஆனால் எப்படி மெதுவாக. வேண்டுமென்று தாமதித்தால் அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடும். போன வாரமே பட்டன் வைக்கிறவள் ஒருத்தி அப்படிச் செய்தபோது, ‘இயல்பாத் தைங்க்கா, கை தயங்குறது தெரியுது’ என்று பல்லைக் காட்டிக்கொண்டே சொல்லி மூன்று தடவை எடுத்தார். மூன்று நிறுத்தப் பழைய முறைக்குப் போகலாம் என்றால், மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், தோள் வெட்டு வந்த இடத்தில் நிறுத்தவே தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் செய்தது. எங்கே போச்சு. விரல் தன்னால் வெட்டைப் போய்ப் பிடிக்கிறது. கற்றுக் கொடுத்தவர்கள் மறக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அப்புறம்தான் தோன்றியது, தைப்பதைத் தைக்கிற மாதிரியே தைப்பது, ஆனால் ஒவ்வொரு சட்டைக்கும் நடுவில், அடுத்ததை எடுக்கும் முன், முழுசாக ஒரு மங்கள வார்த்தை ஜெபம். வாய்க்குள். அருள் நிறைந்த மரியேயில் ஆரம்பித்து ஆமென் வரை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாருமாக இழுத்து இழுத்துச் சொல்லும்போது பதினைந்து நொடியாவது ஆகும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு, ஒரே சீர், தயங்குகிற மாதிரியே தெரியாது, இயல்பாக இந்த அம்மா இவ்வளவுதான் என்று போய்விடுவார். பாவத்துக்குப் பரிகாரமாகவும் ஆயிற்று. இதில் மாதா கோபப்பட ஒன்றும் இல்லை. அவள் பேச்சியைப் பார்த்தாள். பேச்சி திரும்பவில்லை, ஆனால் தைக்கவும் இல்லை, மடியில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு அதன் கழுத்தை நீவிக்கொண்டிருந்தாள். எமில்டா லேசாகத் தலையை ஆட்டினாள். பேச்சி பார்த்தாளா என்று தெரியவில்லை.

“ஆரம்பிக்கலாமுங்களா அக்கா? சும்மா எப்பவும் போலத் தைங்க.” அமுக்கினார். சின்னச் சத்தம், பல்லி கொட்டுகிற மாதிரி. முதல் சட்டை, இடது விரல் வெட்டைப் பிடித்தது, ஓட்டம், மறுகை, ஓட்டம், கையை எடுத்து மடியில் வைத்து, ஜெபம், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, ஆமென். இரண்டாவது சட்டை. நன்றாகப் போகிறது, இப்படியே போனால் சட்டைக்கு நாற்பது நொடிக்குக் குறையாது, மரியே உனக்கு நன்றி. ஜெபம். மூன்றாவது சட்டை. மூன்றாவது ஜெபத்தில் ஏதோ இடறியது, மிசின் சத்தம் நிற்காமல் பக்கத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, இவள் ஜெபம் மட்டும் தனியாக நொண்டிக்கொண்டு, அப்படி ஜெபிப்பது அவளுக்கு வழக்கமே இல்லை, சின்ன வயசில் யார் இழுத்து இழுத்து ஜெபித்தார்கள், படித்த வத்தலக்குண்டு கான்வென்ட் ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் எழுபது பெண்கள், தட்டு முன்னால் இருக்கும், சோறு ஆறிக்கொண்டிருக்கும், ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தால்தான் உட்காரலாம், சிஸ்டர் கிளமென்சியா கையைத் தட்டிக்கொண்டே நடுவில் நடப்பார், அந்தப் பக்கத்து வரிசை முதல் பாதியைச் சொல்லும், அவர்கள் முடிக்கும் முன்னாலேயே இந்தப் பக்கத்து வரிசை இரண்டாம் பாதியை ஆரம்பித்துவிடும், அவர்கள் ஆமெனுக்குக் காத்திராமல் அடுத்ததை, ஒன்றின் வாலில் ஒன்றின் தலை, மூச்சு விட இடமில்லாமல், வார்த்தைகள் உருகி ஒரே ரீங்காரமாக, பசி, ரசத்தின் வாசனை, நாலாவது சட்டை, ஐந்தாவது, ஜெபம் நடுவில் நிற்கவில்லை, தையலோடு சேர்ந்துகொண்டது, முதல் பாதிக்குச் சட்டையின் இடது கை, இரண்டாம் பாதிக்கு வலது கை, ஆமென் என்று வருவதற்குள் அடுத்த துணி ஊசியடியில், ஆறாவது, தோள் வெட்டு தன்னால் விரலுக்கு வந்தது, வளைவு தன்னால் திரும்பியது, முதுகு வலிக்கவில்லை, எங்கே போச்சு வலி, ஏழாவது, எழுபது பெண்களில் அவள்தான் வேகம், சிஸ்டர் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், எட்டாவது, அறுபடாத ஒரே சத்தம், யாரும் வேண்டாம், கோட்டு வேண்டாம், எதுவும் வேண்டாம், இந்தக் கை இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் போதும், ஒன்பது, அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், பத்து, ஆமென்.

பல்லி கொட்டியது. பல்லில் காற்றுப் பட்டது. எமில்டா வாயை மூடிக்கொண்டாள், உதடு காய்ந்து பல்லோடு ஒட்டியது, அப்போதுதான் இவ்வளவு நேரமும் வாய் திறந்திருந்தது என்று தெரிந்தது.

“பீஸுக்கு இருபத்தாறு புள்ளி நாலு செகண்டு, கழிவெல்லாம் போக மணிக்கு நூத்திப் பத்தைத் தாண்டிரும்,” என்றார் நிவாஸ் சார், எழுதிக்கொண்டே. “முதல் மூணு பீஸ் கொஞ்சம் இழுத்துது, அதை விட்டுட்டா இன்னும் கம்மியாத்தான் வரும். போன வாரத்தைவிட நல்லாருக்குதுங்க்கா.”

எஸ்தர் மிஸ் எப்போது வந்து நின்றாளோ, முழங்கைக்கு அடியிலிருந்து தாளை மெதுவாக உருவி எடுத்தாள். “ஏழாவது விட்டுட்டீங்களே மேடம். பரவால்ல, நான் பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன். என்னமா சிரிச்சுக்கிட்டே தைக்கிறீங்க.” நின்றபடியே ஐந்தாவது மூஞ்சியில் ஒரு டிக் போட்டாள்.

சிரித்தேனா. எப்போது. எமில்டா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் பேச்சி மடியிலிருந்த சட்டையை எடுத்து மிசினில் வைத்தாள். வைத்துவிட்டு மணிக்கட்டில் இருந்த துணியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். அவள் பார்த்திருக்கிறாள். அந்த வாட்சின் எண்களைப் படிக்கத் தெரியாதவள், அதைப் பார்த்திருக்க மாட்டாள், இவள் முகத்தைத்தான் பார்த்திருப்பாள், பத்து பீஸும். பேச்சியின் மிசின் ஓட ஆரம்பித்தது. ஓட்டம், நிறுத்தம், ஓட்டம், நிறுத்தம், ஓட்டம், நிறுத்தம். எமில்டா இந்தச் சத்தத்தை இத்தனை வருஷத்தில் தனியாகக் கேட்டதே இல்லை, தன் மிசினும் கூடவே அப்படித்தான் நின்று நின்று ஓடியிருக்கும். நிவாஸ் சார் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த மிசினுக்குப் போய்விட்டார். எமில்டா எழுந்தாள். எழுந்ததும் முதுகின் அடிநுனி பளிச்சென்று குத்தியது.

“சார், அது வேண்டாம் சார். என்னமோ ஆயிருச்சு, அது என் வேகம் இல்ல.”

அவர் குனிந்து வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். வரிசை முழுதும் மிசின்கள் ஓடின. பக்கத்தில் பேச்சி தலையைத் தூக்கவில்லை, ஓட்டினாள், நிறுத்தினாள், ஓட்டினாள்.

“சார்,” என்றாள் எமில்டா, இந்தத் தடவை கத்தித்தான் சொன்னாள். “இன்னொரு தடவை எடுங்க. பத்து பீஸ். பத்தே பீஸ்.”